அடையாளத் துணி: ஒரு வரலாற்று நோக்கு

தைப்பூசத்திற்கு முந்திய இரவில் சிம்பாங் பூலாய்ச் சந்தியில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி புலப்படும். கோப்பேங், கம்பார்ப் பக்கங்களிலிருந்து ஈப்போவை நோக்கி வரும் நெடுஞ்சாலையின் ஓரமாக, ஐவரும் பதின்மருமாகச் சிறு சிறு கூட்டங்கள் நடந்து வரும். முதியோர் கையில் கோல். இளையோர் முதுகில் பை. சுண்ணாம்புக் குன்றுகள் இருளில் கரிய சுவர்களாய் நிற்க, அவற்றின் அடிவாரத்தில் மஞ்சள் உடைகள் மட்டும் வண்டிகளின் விளக்கொளியில் தோன்றித் தோன்றி மறையும். அவர்கள் செல்லுமிடம் ஈப்போ, குனோங் சீரோவில் உள்ள சுப்பிரமணியர் ஆலயம். நம்மவர் நாவில் அது கல்லுமலைக் கோயில்.

அண்மையில் ஒரு தைப்பூசத்தின்போது எம் பள்ளி மாணவர் சிலரும் அவர்தம் பெற்றோரும் நானும் அவ்வாறு நடந்தோம். எங்கள் கூட்டத்தினர் பைகளின் பின்புறத்தில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பச்சைத்துணி தைக்கப்பெற்றிருந்தது. அதன்மேல் வெள்ளை நூலால் 'ஆத்தோரத் தோட்டம்' என்னும் எழுத்துகள். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது?" என்று வினவினாள். தோட்டம் இன்று இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் நிற்கின்றன. இல்லாத ஓர் ஊரின் பெயரை எதற்காகத் தோளில் சுமக்க வேண்டும் என்பதே அவள் வினாவின் உட்கிடை. அன்றிரவு ஒழுங்கான விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபொழுது, அவ்விடை யாத்திரிகர் அடையாளங்களின் நெடிய வரலாற்றுக்குள் புதைந்து கிடப்பது தெரிந்தது.

தமிழாசிரியர் ஒருவர் இவ்வாராய்ச்சியைச் சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்குவதில் வியப்பில்லை. கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கி மதுரையை நோக்கி நடக்கின்றனர். உடன் செல்பவர் கவுந்தியடிகள். அவர் தோளில் உறி, கையில் பிச்சைக்கலம், வழியிலுள்ள சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் காக்கும் மயிற்பீலி. இம்மூன்றையும் கண்டவர், 'இவர் சமணத் துறவி' என வினவாமலே உணர்வர். அதே வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்படுகின்றான். திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் காணப் புறப்பட்ட யாத்திரிகன் அவன். அவனைக் கண்ட கோவலன், ஊர் எது, வந்த காரணம் யாது எனக் கேட்ட பின்னரே அவனை இன்னான் என்று அறிகின்றான். அக்கேள்வியின் பயனாகவே மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளின் செய்தியும் நமக்குக் கிடைக்கின்றது. வகுப்பில் இப்பகுதியை நடத்துவோர் வழிகளின் வருணனையில் திளைத்து, அதற்கு வாயில் திறந்த அக்கேள்வியை விரைந்து கடந்துவிடுகின்றோம். வழிநடையார் இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு இரு முறைகள் உள்ளன: ஒன்று கண்ணால் காணும் குறி, மற்றொன்று வாய்விட்டுக் கேட்கும் வினா. இவ்விரண்டையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்த காதைகளில் காட்டிவிட்டார்.

அடையாளத்தை வேண்டிப் பெற்ற யாத்திரிகர் ஒருவரும் நம் மரபில் உளர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசரே அவர். ஊர் ஊராய்த் தலம்தோறும் நடந்த அவரைச் சிற்பத்தில் நாம் இனங்கண்டுகொள்வது தோளில் சார்த்திய உழவாரப் படையால். ஆயின் அதனினும் நுட்பமான ஓர் அடையாளத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் குறிக்கின்றார். சமணத்தை விட்டு மீண்ட நாவுக்கரசர் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத் திருக்கோயிலை அடைகின்றார். பிற சமயச் சார்பில் இருந்த இவ்வுடல் இனி உயிர் தரித்திருக்க வேண்டுமாயின், இறைவனுடைய சூலக்குறியும் இடபக்குறியும் இதன்மேல் பொறிக்கப்பெற வேண்டும் என்று வேண்டுகின்றார். பிறர் அறியாவண்ணம் பூதமொன்று வந்து அவர் தோளில் அக்குறிகளைப் பொறித்தது என்பது புராணம்.

இந்நிகழ்ச்சியைப் பத்திச்சுவைக்காக மட்டும் படிப்போர் இதன் சமுதாயப் பின்னணியைக் காணத் தவறுவர். சூலக்குறி அக்காலத்தில் உடைமையின் குறியாகும். சிவன்கோயில் நிலங்களின் எல்லையில் நட்ட கல்லில் சூலம் பொறித்தனர், அது சூலக்கல். திருமால் கோயில் நிலத்தின் எல்லையில் ஆழி பொறித்தனர், அது திருவாழிக்கல். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கால்நடைகளுக்கும் குறியிடும் வழக்கம் இருந்தது. எனவே நாவுக்கரசர் வேண்டியது, 'என்னை உன் உடைமை என எழுதிவிடு' என்பதேயாம். வைணவர் தோள்களில் சங்கும் சக்கரமும் பொறித்துக்கொள்வதும் இக்கருத்தினதே. ஒருவன் மற்றொருவனுக்கு உடைமையாதல் இழிவு. தானே விரும்பித் தேர்ந்தவனுக்கு உடைமையாதலை அடியார் உயர்வாகக் கொண்டனர். இதனை நினைவில் இருத்திக்கொள்க. பின்னர் வேறொரு குறியைக் காணும்போது இது தேவைப்படும்.

கடல்கடந்த நாடுகளிலும் யாத்திரிகர் குறிகள் உண்டு. இன்று உலகோர் பலரும் அறிந்தது சிப்பி. ஸ்பெயின் நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் யாகப்பருக்குப் பேராலயம் உள்ளது. அங்குச் சென்று மீள்வோர் கடற்சிப்பியைத் தம் மேலாடையில் தைத்துக்கொண்டதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏடு ஒன்று குறிப்பிடுகின்றது. தொடக்கத்தில் சிப்பி, சென்று வந்ததற்குச் சான்று. காலப்போக்கில் அது செல்கின்றவனுக்கே அடையாளமாயிற்று. இன்று அவ்வழியில் நடப்போர், முதல் நாளிலேயே முதுகுப்பையில் சிப்பியைத் தொங்கவிட்டுக்கொள்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் மட்டும் நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்குச் சென்று சான்றிதழ் பெற்றனர்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குச் சிப்பியினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1170-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராலயத்திற்குள் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் நினைவிடத்திற்கு மக்கள் திரண்டனர். அங்கு அவர்கள் வாங்கித் தொப்பியிலும் பையிலும் தைத்துக்கொண்ட சிறு வில்லைகள், காரீயமும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்பட்டவை. அத்தகைய வில்லைகள் இலண்டனில் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து ஏராளமாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எளிதில் உருகும், அச்சில் நன்கு படியும், ஏழையும் வாங்கும் விலை. இவ்வியல்புகளாலேயே இவ்வுலோகக் கலவை தெரிந்தெடுக்கப்பட்டது. விற்பனையில் ஊதியம் மிகுந்தமையால் போட்டியும் எழுந்தது. 1199-இல் மூன்றாம் இன்னொசென்டு என்னும் போப்பாண்டவர், உரோமையில் பேதுரு, பவுல் உருவங்கள் பொறித்த வில்லைகளை வார்க்கும் உரிமை பேதுரு ஆலயத்தார்க்கே உரியது என ஆணையிட நேர்ந்தது. அடையாளம் எங்குண்டோ அங்கு அதனை விற்போனும் உண்டு போலும்!

இந்தியத் திருத்தலங்களுள் இவ்வகையில் முதன்மையானது பிரயாகை. கங்கையும் யமுனையும் கூடும் அம்மணல்வெளியில், பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர் ஒவ்வொருவரும் உயர்ந்த மூங்கிலில் தமக்கெனக் கொடி ஏற்றுவர். ஒருவர் கொடியில் மீன். மற்றொருவர் கொடியில் குடம். இவ்வாறு குறிகள் பலவாகும். குடும்பப் புரோகிதரின் பெயர் மறந்தாலும் கொடியின் குறி மறவாது. எழுத்தறியாத உழவரும் அக்குறியைத் தேடிச் சென்று, தம் பாட்டனார் வந்து போன செய்தி எழுதப்பட்ட ஏட்டினையே காணலாம். ஆயினும் கும்பமேளாவின் பெருங்கூட்டத்தில் தவறிப்போவோர் எண்ணிலர். 1946-ஆம் ஆண்டில் இராஜாராம் திவாரி என்னும் அலகாபாத் இளைஞர் காணாமற் போனோரை உற்றாருடன் சேர்த்துவைக்கும் தொண்டினைத் தொடங்கினார். 2016-இல் இயற்கை எய்தும் வரை அதனை அவர் விடவில்லை. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வாரகரி அடியாரோ, காணாமற் போகாதிருக்க வேறொரு முறை கண்டனர். ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய தேருக்கு முன்னும் பின்னும் செல்லும் குழுக்கள் திண்டி எனப்படும். தேருக்கு முன் இத்தனையாவது திண்டி, பின் இத்தனையாவது திண்டி என ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அவ்வெண்ணை அறிந்த ஒருவன் வழியில் பிந்தினாலும் இரவு தங்குமிடத்தில் தன்னவரைக் கண்டுகொள்வான்.

நம் நாட்டு முசுலிம் சோதரரின் ஹஜ் யாத்திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1963-இல் செயற்படத் தொடங்கி, 1969-இல் தாபோங் ஹாஜியாக விரிந்த அமைப்பு மலேசிய ஹஜ் யாத்திரிகரை வழிநடத்தி வருகின்றது. மெக்காவில் ஆடவர் அனைவரும் தையலற்ற வெள்ளைத்துணி இரண்டினை உடுத்துவர். அரசனும் ஆண்டியும் அங்கு ஒரு கோலத்தினரே. எல்லோரும் ஒருபடித்தாய்த் தோன்றுவதே அந்நிலையின் பெருமை. வழிதவறிய முதியவரைத் தேடுவோர்க்கு அதுவே இடர். ஆதலின் பையிலும் பெண்களின் தலைத்துணியிலும் நாட்டுக்கொடியோ குழுவின் குறியோ இடம்பெறுகின்றது.

இதுகாறும் கண்டவை பெரும்பாலும் யாத்திரிகர் தாமே விரும்பி அணிந்தவை. அவ்வாறன்றி, தமிழர் கழுத்தில் பிறர் கட்டிய குறி ஒன்றும் வரலாற்றில் உண்டு. அதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுசெல்வதற்கு, 1901-ஆம் ஆண்டில் தகர வில்லை முறை என்பது புகுத்தப்பட்டது. காசளவான ஓர் உலோக வில்லையில் தோட்ட வட்டாரத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டனர். அதனை அணிந்த தொழிலாளி வழிச்செலவுக்குக் கையில் காசின்றியே கடல் கடந்து தோட்டம் சேரலாம். செலவு அனைத்தும் அவ்வெண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். ஏற்பாட்டின் திறமையை மறுப்பதற்கில்லை. வழியிலுள்ள எழுத்தர் எவரும் அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. வில்லையைப் புரட்டிப் பார்த்தால் போதும். ஒரு பொதிக்குக் கட்டும் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? தோட்டம் சேர்ந்த பின்னும் அவன் கடன் கணக்கைத் தாங்கிய 'துண்டு' என்னும் தாள் அவனைத் தொடர்ந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டமே அத்துண்டு முறையை ஒழித்தது.

நாவுக்கரசர் தோளில் பொறித்ததும் உடைமைக்குறி. இத்தொழிலாளி கழுத்தில் தொங்கியதும் உடைமைக்குறியே. முன்னதை அவர் கண்ணீர் மல்க வேண்டினார். பின்னதைக் குறித்து இவனை எவரும் கேட்கவில்லை.

மலாயாவிற்கு வந்த நம் முன்னோர்க்கு ஏற்பாடு வேறு. 1907-ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்ற நிதியத்தின்வழி கப்பற்கட்டணம் செலுத்தப்பட்டது. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் சேர்ப்பான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கிக் கப்பலேறினர். பினாங்கை அடைந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். பின்னர்த் தோட்டத்துக்குத் தோட்டம் பிரிக்கப்பட்டனர். 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்திய அரசு விதித்த தடையால் இவ்வாட்சேர்ப்பு நின்றது. தோட்டத்திற்குள்ளே ஆளின் அடையாளம் செக்ரோலில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாய் நிற்க வேண்டும். கிராணி படிக்கும்போது குரல் கொடுக்க வேண்டும். என் பாட்டியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். தாம் பிறந்த ஆண்டு எதுவென்று அவருக்குத் தெரியாது. செக்ரோலில் தம் எண் எதுவென்று இறுதி நாள்வரை பிழையின்றிக் கூறுவார்.

அப்பாட்டியாரால்தான் பச்சைத்துணி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. அந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றேன்.

1978-ஆம் ஆண்டுத் தைப்பூசம். எனக்கு எட்டு வயது. தோட்டத்து லாரியில் பலகைகள் இட்டு, ஐம்பது அறுபது பேர் நெருக்கியடித்து அமர்ந்து ஈப்போவுக்குச் சென்றோம். பெண்கள் அனைவரும் மஞ்சட்சேலை. சிறுவர்க்கு மஞ்சள் வேட்டி. கூட்டத்தில் ஒருவரையொருவர் விடாதிருக்க மஞ்சளே போதும் என்று பெரியோர் எண்ணினர். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து பாற்குடங்கள் புறப்பட்டன. கல்லுமலை செல்லும் வழியில் அம்மாவின் சேலைத்தலைப்பை நழுவவிட்ட நான், மீண்டும் ஒரு மஞ்சள் தலைப்பைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு நடந்தேன். அண்ணாந்து பார்த்தபோது அது வேறொருவர் முகம். பேராக்கின் தோட்டங்கள் அனைத்தும் அன்று மஞ்சளே உடுத்தியிருந்தன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை!

அவ்வம்மையார் நல்லவர். என்னை ஒரு தண்ணீர்ப் பந்தலில் ஒப்படைத்தார். பந்தலில் இருந்தோர், "எந்தத் தோட்டமப்பா?" என்று கேட்டனர். "ஆத்தோரத் தோட்டம்" என்றேன். அப்பெயரில் எங்கள் பக்கத்திலேயே இரண்டு மூன்று தோட்டங்கள் இருந்தன. ஆற்றங்கரையில் அமைந்த எதனையும் நம் மக்கள் அவ்வாறுதானே அழைப்பர்! "தோட்டத்தின் வெள்ளைக்காரப் பெயர் என்ன?" என்று மீண்டும் கேட்டனர். அது என் வாயில் நுழையாத ஒரு துரையின் பெயர். அலுவலகப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கண்டிருந்தேனேயன்றிச் சொல்லக் கற்றிலேன். வெயில் ஏறும்வரை பந்தலில் மோர் குடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். இறுதியில் எங்கள் லாரி ஓட்டுநரே தற்செயலாக நீர் அருந்த வந்து என்னைக் கண்டார்.

வீடு திரும்பிய அன்று அடி விழும் என அஞ்சினேன். விழவில்லை. மறு ஆண்டுத் தைப்பூசத்திற்கு ஒரு வாரம் முன்பாகப் பாட்டியார், பால்மரம் வெட்டச் செல்கையில் தலையில் கட்டும் பழைய பச்சைத்துணியை எடுத்துச் சதுரம் சதுரமாகக் கத்தரித்தார். எத்தனை முறை துவைத்தாலும் போகாத பாற்கறை அதில் திட்டுத்திட்டாய் இருந்தது. அச்சதுரங்களை லயத்துப் பிள்ளைகள் அனைவரின் முதுகிலும், பெரியோரின் பைகளிலும் தைத்தார். "மஞ்சள் முருகனுக்கு, பச்சை நமக்கு" என்பது அவர் கணக்கு. இரண்டொரு ஆண்டுகளில் பிற தோட்டத்தாரும் எங்களைப் 'பச்சைத்துணிக்காரர்' என்றே அழைக்கலாயினர். தண்ணீர்ப் பந்தல்களில் எங்கள் பிள்ளை எவனேனும் தவறி வந்தால், "அதோ, உன் பச்சை அங்கே நிற்கிறது" என்று கைகாட்டுவர். அலுவலகப் பலகையில் இருந்த பெயரை அவர்களுள் எவரும் அறியார்.

பாட்டியாருக்கு எழுத்தறிவில்லை. சிப்பியையும் பிரயாகைக் கொடிகளையும் அவர் கேள்வியுற்றதில்லை. ஆயினும் அடையாளத்தின் இலக்கணம் அவருக்குத் தெரிந்திருந்தது. பலர்க்கும் பொதுவான குறி ஒருவனைக் கூட்டத்தில் சேர்க்கும். அவன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதற்குள் இன்னொரு சிறிய குறி வேண்டும். சபரிமலை செல்வோரிடத்தும் இதனைக் காணலாம். கறுப்புடையும் முத்திரை மாலையும் இருமுடியும் எல்லார்க்கும் பொது. கன்னிச்சாமி மட்டும் சரம் ஏந்திச் சென்று சரங்குத்தியில் குத்துவான். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்திலும் காவடி எல்லார்க்கும் பொது, ஊர்ப்பெயர் தனி.

தோட்டங்களின் பிற்கால வரலாற்றை மாணவர் பாடநூலில் சுருக்கமாகவேனும் அறிந்திருப்பர். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளர் தம் சிறு சேமிப்பைக் கூட்டித் தோட்டங்களை வாங்கினர். ஆயினும் வாங்கவியலாதவை பல. பின்னர் இரப்பர் விலை சரிந்தது, செம்பனை வந்தது, நகர்ப்புறத்தை ஒட்டிய நிலங்களில் வீடுகள் எழுந்தன. எங்கள் தோட்டமும் அவ்வாறே சென்றது. லயங்கள் இடிக்கப்பட்டபின் குடும்பங்கள் புந்தோங்கிலும் பத்து காஜாவிலும் கோலாலம்பூர் அடுக்கு வீடுகளிலும் சிதறின. மாரியம்மன் சிலை வேறிடம் பெயர்ந்தது. பள்ளியும் பெயர்ந்தது. ஆண்டுக்கொரு முறை தைப்பூசத்தில் மட்டும், யாரும் அழைக்காமலே, பச்சைத்துணிகள் கல்லுமலை அடிவாரத்தில் கூடின.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் இளைஞர், துணியில் பெயர் எழுத வேண்டும் என்றனர். எந்தப் பெயரை எழுதுவது என்பதில் வாதம் எழுந்தது. நிலப்பத்திரத்தில் உள்ளது துரையின் பெயர். அதனை எழுதினால் எவரும் ஐயுறார் என்றார் ஒருவர். பெரியோர் எவரும் அதற்கு இசையவில்லை. அப்பெயரைச் செக்ரோலின் மேலட்டையில் கண்டவர்கள் அவர்கள். இறுதியில் 'ஆத்தோரத் தோட்டம்' என்றே முடிவாயிற்று. தமிழாசிரியன் என்ற முறையில், 'ஆற்றோரம்' என்று திருத்தமாக எழுதுமாறு நான் கூறினேன். பேச்சு வழக்கை எழுத்தில் ஏற்றலாகாது என்பது என் நெடுநாளைய கொள்கை. எழுபது வயது கடந்த ஒருவர் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, அது வேற தோட்டம்" என்றார். திருத்தத்தை நான் கைவிட்டேன்.

பிள்ளைகளின் பெயரைத் துணியில் எழுதுவதில்லை என்பதும் அன்றே முடிவாயிற்று. பையின் வெளியே பிள்ளையின் பெயர் இருந்தால், அறியாத ஒருவன் அப்பெயரைச் சொல்லி அழைத்து நம்பவைத்தல் எளிது. குறி என்பது படிக்கத் தெரிந்த எவர்க்கும் பேசும்; படிப்பவன் நல்லவனா என்று அது பார்ப்பதில்லை. ஆதலின் பெயரும் தொலைபேசி எண்ணும் பையின் உட்புறத்தில், ஊர்ப்பெயர் வெளிப்புறத்தில்.

மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. தமிழ்நாட்டில் பழனிக்கு நடப்போர், வெயிலுக்கஞ்சி இரவிலும் வைகறையிலும் சாலையோரம் செல்வர். வண்டி மோதி உயிரிழந்தோர் உண்டு. அதனால் அண்மைக் காலத்தில் அங்குள்ள காவல் துறையினர் யாத்திரிகரை நிறுத்தி, அவர்தம் பைகளில் ஒளிரும் பட்டைகளை ஒட்டுகின்றனர். அப்பட்டையில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பெற்றிருக்கும். அவை தம்மேல் விழும் ஒளியை நாற்புறமும் சிதறவிடாது, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஆகவே வண்டியோட்டுபவன் கண்ணுக்கு அது தொலைவிலேயே விளக்குப்போல் எரியும். சிம்பாங் பூலாயின் சாலைகளில் கல்லுடைப்புக் களங்களின் பெரிய லாரிகள் இரவு பகலாக ஓடுவதை அறிவோம். பழனிச் செய்தியை நாளேட்டில் படித்த ஒரு தாய், தம் தையற்பொறியில் எங்கள் பச்சைத்துணிகளின் நான்கு விளிம்புகளிலும் அத்தகைய பட்டையை இணைத்துக் கொடுத்தார். பாட்டியாரின் பழைய தலைத்துணிக்கு இப்படியொரு கரை கிடைக்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

இனி, அம்மாணவியின் வினாவுக்கு வருகின்றேன். தோட்டம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டபோது நான் விடை கூறாது நடந்தேன் என்றேன். சந்தியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் இளைப்பாற நின்றோம். அங்குக் கம்பார்ப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு கூட்டம் அமர்ந்திருந்தது. அவர்களுள் ஒரு மூதாட்டி, பார்வை மங்கியவர். லாரி ஒன்று கடந்து சென்ற விளக்கொளியில் அம்மாணவியின் பையில் விளிம்புகள் பளிச்சிட்டன. அம்மூதாட்டி எழுந்து வந்தார். எழுத்தைப் படிக்கவில்லை. துணியின் நிறத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், விரலால் தடவினார். பின்னர் என்னை ஏறிட்டு நோக்கி, "தம்பி, மேல் லயமா, கீழ் லயமா?" என்றார்.

"கீழ் லயம்மா" என்றேன்.

"கடைசி வீடா?"

"ஆமாம்மா. பச்சைத்துணி தைத்தவரின் பேரன்."

அவர் அம்மாணவியின் கையைப் பற்றித் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். ஆறு எங்கே வளையும், பாலம் எங்கே இருந்தது, மாரியம்மன் எந்தத் திசை நோக்கியிருந்தாள், பெரட்டு மணி அடித்தால் எந்த லயம் வரை கேட்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் புறப்பட வேண்டிய நேரம் கடந்தது. எவரும் அவர்களை எழுப்பவில்லை.